பூட்டிய வீட்டைத் திறக்கும் முன்

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு), கோவில் திருவிழா என்று ஏதேனும் ஒரு காரியம் வரும்போதுதான் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பங்காளிகள் வந்து சேர்கிறார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் கதவு திறக்கப்படுகிறது. திறந்த அன்றே வேலை தொடங்கிவிடுகிறது. முகப்புக் கதவின் பழைய பெயிண்டைச் சுரண்டுகிறார்கள், கழிப்பறையில் ஆசிட் ஊற்றுகிறார்கள், எலிக்கு மருந்து வைக்கிறார்கள், கரையானுக்கு மருந்து அடிக்கிறார்கள், பெட்டகத்தைத் திறந்து அந்துருண்டை வாசம் வீசும் துணிகளை எடுத்து உதறுகிறார்கள். மாலையானதும் ஒவ்வோர் அறையிலும் கொசுவர்த்தி புகைகிறது. இவை எல்லாம் ஒரே வாரத்தில் நடந்து முடிந்த மறுநாள், கைக்குழந்தைகளோடும் தவழும் பிள்ளைகளோடும் வண்டிகள் வாசலில் வந்து நிற்கின்றன.

வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் உறவுமுறை வீடுகள் இப்படித் திறக்கப்படுவதைப் பல காலமாகப் பார்த்து வருகிறேன். பிள்ளைகள் வருகிறார்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம். ஆனால் அந்த வீட்டின் காற்றும் தரையும் ஆண்டிலேயே மிகக் கெட்டிருக்கும் நாள்களில்தான் பிள்ளைகள் அங்கே தங்குகிறார்கள். செய்யும் வேலைகளின் வரிசையையும் நாளையும் மாற்றினாலே இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

பெயிண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இதுவே பெரிய ஆபத்து. பர்மாத் தேக்கில் செய்த நிலைக்கதவுகள் சில வீடுகளில் எண்ணெயும் மெருகும் மட்டுமே கண்டவை. அவற்றைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் சன்னல் கம்பிகள், இரும்புக் கிராதிகள், மரப்படிக்கட்டின் கைப்பிடிகள், இரண்டாங்கட்டுக் கதவுகள் ஆகியவற்றில் தலைமுறைக்கு ஒரு முறையாவது எனாமல் பெயிண்ட் பூசியிருப்பார்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் வெண்மைக்குக் காரீய (லெட்) வெள்ளையும், மஞ்சளுக்கும் பச்சைக்கும் லெட் குரோமேட்டும், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கச் செங்காரீயமும் கலப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கை, தாண்டக்கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 அன்று. அதற்கு முன்னால் பூசப்பட்ட எந்த எனாமல் பூச்சையும் காரீயம் உள்ளதாகவே கருதி நடந்துகொள்வது நல்லது.

உரியாமல், உடையாமல் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சினால் பெரிய கேடில்லை. அதைச் சுரண்டும்போதுதான் கேடு புறப்படுகிறது. கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். பெயிண்டர் உப்புத்தாள் பொருத்திய மெஷினைக் கதவில் வைத்து ஓட்ட, நான்கு அடுக்குப் பூச்சு, மேலே பழுப்பு, அதன்கீழ் பச்சை, அதன்கீழ் இன்னொரு பச்சை, அடியில் சாம்பல் நிறம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்து, கோலமாவு போன்ற மெல்லிய தூசியாகக் கீழே இறங்கியது. ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் கறுப்பும் தெரியாதபடி தரை மூடிப்போயிற்று. வேலைக்கார அம்மாள் விளக்குமாற்றால் கூட்ட, தூசி எழும்பி வளவு எனப்படும் உள்முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் முழுவதும் பரவி, பட்டாலை என்ற கூடத்தில் விரித்திருந்த பாயிலும் தலையணையிலும் படிந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு வயதுப் பிள்ளை அதே பாயில் தவழ்ந்துகொண்டு, கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

காரீயம் உடலுக்குள் போக அந்தக் கை போதும். சிறு குழந்தைகளின் குடல், பெரியவர்களின் குடலைப் போல 4 முதல் 5 மடங்கு காரீயத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அது இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது; பின்னர் எலும்பில் சுண்ணாம்புச் சத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. கற்கும் திறன் குறைவது, கவனம் சிதறுவது, இரத்தசோகை ஆகியவை அதன் விளைவுகள். கண்ணுக்குத் தெரிந்த அறிகுறி எதுவும் இல்லாமலே இவை நேரக்கூடும் என்பதுதான் பெற்றோருக்கு வாய்க்கும் பெரிய துன்பம். இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு காரீயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் கணக்கிட்டது. அதில் இந்தியாவின் பங்கு மிகப் பெரியது.

இதில் நான் தனியாகச் சொல்ல விரும்புவது கர்ப்பிணிகளைப் பற்றியது. தலைப்பிரசவத்துக்கு மகள் வீட்டுக்கு வருகிறாள் என்றால், அவள் வருமுன் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று பெற்றவர்களுக்கு ஆசை இருக்கும். காரீயம் நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும். மேலும் தாயின் எலும்பில் முன்பே சேர்ந்திருப்பதும் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் கரைந்து இரத்தத்துக்குத் திரும்பும். ஆகவே அந்த வீட்டில் சுரண்டும் வேலை நடப்பதாக இருந்தால், பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் திரும்பிப் போன பிறகு நடக்கட்டும். கதவு ஓர் ஆண்டு மங்கலாக இருப்பதால் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் முறையோடு செய்யலாம். பூச்சைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும்; காய்ந்த நிலையில் மெஷின் ஓட்டக்கூடாது. நெருப்பு காட்டி உரிப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும், அந்த வெப்பத்தில் காரீயம் புகையாகவே எழும்பும். பெயிண்டை இளக்கி எடுக்கும் திரவங்களில் மெத்திலீன் குளோரைடு கலந்தவை உண்டு. மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே பறித்திருக்கிறது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ஓரங்களை டேப்பால் ஒட்டி, வேலை முடிந்ததும் விரிப்பை உள்பக்கமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். அதன்பின் விளக்குமாற்றைத் தொடாமல், ஈரத்துணியால் துடைத்து, இன்னொரு வாளித் தண்ணீரில் துணியை அலசி மீண்டும் துடைக்க வேண்டும். பாய், தலையணை, மெத்தை எதுவும் வேலை முடியும் வரை வீட்டின் அந்தப் பகுதியிலேயே இருக்கக்கூடாது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி மெழுகிய பழைய சுவர்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவற்றில் காரீயம் கலக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. பளபளப்பு வேண்டும் என்று அவற்றின் மேல் எனாமல் அடிப்பதுதான் தேவையில்லாத காரியம்.

குழந்தையின் உணவும் இதில் துணை செய்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக ஏற்றுக்கொள்ளும் என்பதால், முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பாலும் தவறாமல் கொடுப்பது நல்லது. அது தூசியைத் துடைப்பதற்கு மாற்றாகிவிடாது.

காரீயம் வரும் இன்னொரு வழி நம் சாமான் அறை. கல்யாணத்தில் சாமான் பரப்பும் வழக்கத்தால் வீட்டுக்கு வீடு பித்தளையும் எனாமலும் குவிந்து கிடக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அவற்றை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் ஏராளம். பழைய எனாமல் பாத்திரங்களின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் காரீயமும் காட்மியமும் இருக்கக்கூடும். புளிக்குழம்பு, மோர், ஊறுகாய் போன்ற புளிப்புப் பண்டங்கள் அவற்றை மெல்லக் கரைக்கும். சில்லுப் பெயர்ந்த பாத்திரத்தில் இன்னும் வேகமாகக் கரைக்கும். அவற்றை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், சோறு குழம்புக்கு வேண்டாம். குழந்தைக்குச் சோறூட்டும் கிண்ணமாகக் கட்டாயம் வேண்டாம்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது நல்ல வழக்கம்தான். பூச்சில்லாத பித்தளையில் புளிப்பை வைத்தால் செம்பு கரைந்து களிம்பேறும். ஆனால் பூசுவது சுத்தமான வெள்ளீயமாக (டின்) இருக்க வேண்டும். விலை குறைவு என்பதற்காகப் பற்றவைக்கும் ஈயத்தைக் கலந்து பூசுகிறவர்களும் உண்டு. அதில் காரீயம் இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். சுத்தக் காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் கறுத்த கோடு விழும், வெள்ளீயத் தகட்டை வளைத்தால் நொறுநொறுவென்று ஒலி எழும். இவை இரண்டும் மெய்யான சோதனைகளே. என்றாலும் இரண்டு உலோகமும் கலந்திருக்கும்போது இவற்றை நம்ப முடியாது. நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்-கதிர்க் கருவி செயல்படும் முறையிலேயே ஈயத்தின் கலப்பையும் அறியலாம். ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பார்ப்பது வீண்செலவாகாது.

பெட்டகத்தைத் திறக்கும் வேலை பார்ப்பதற்கு மிகச் சாதுவானது. ஆனால் பச்சிளங்குழந்தைக்கு இதில்தான் உயிராபத்து இருக்கிறது. அந்துருண்டை என்பது பெரும்பாலும் நாப்தலின். அது திடநிலையிலிருந்து நேரே ஆவியாகித் துணியின் இழைகளுக்குள் இறங்கி நாள்கணக்கில் தங்கிவிடும். பேரனோ பேத்தியோ பிறந்ததும், அப்பத்தா வைத்திருந்த பழைய பருத்திச் சேலையை எடுத்துத் தூளி கட்டுவது நமக்குப் பெருமையும் பாசமும் கலந்த வழக்கம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையை அந்தத் தூளியில் போட்டால், சேலையிலிருந்து எழும் நாப்தலின் ஆவியைக் குழந்தை மூச்சில் இழுப்பதோடு, எண்ணெயில் கரையும் பொருளான நாப்தலினைத் தோலும் ஏற்கத் தொடங்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இதனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள்காமாலை கடுமையாகி, மூளை பாதிக்கும் நிலை வரை போகலாம். அந்தக் குறைபாடு உள்ளவர்கள் நம் நாட்டிலும் கணிசமாக இருக்கிறார்கள். பிறந்தவுடன் அதற்கான சோதனை எல்லா மருத்துவமனைகளிலும் செய்யப்படுவதில்லை. நாப்தலின் பட்ட துணிகளாலும் போர்வைகளாலும் இப்படிப் பாதிக்கப்பட்ட 21 பச்சிளங்குழந்தைகளைப் பற்றிக் கிரேக்க மருத்துவர்கள் 1963இலேயே எழுதிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாப்தலின் உருண்டைகள் 2008 முதல் விற்பனையில் இல்லை. இங்கே மளிகைக் கடையில் மிட்டாய்க்கு அருகிலேயே அவை தொங்குகின்றன.

எனவே குழந்தைக்கான துணி எதுவும் அந்துருண்டை வைத்த பெட்டியிலிருந்து நேராக வரக்கூடாது. அலசி, வெயிலில் நாள்கணக்கில் உலர்த்தி, வாசம் அறவே போன பிறகுதான் தூளி கட்ட வேண்டும். கொஞ்சம் வாசம் இருந்தாலும் வேறு துணியைத் தேட வேண்டும். குழந்தையின் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, உதடு வெளுத்தாலோ, அந்துருண்டைத் துணியைப் பற்றி மருத்துவரிடம் நாமாகவே சொல்ல வேண்டும், அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

அடுத்தது கழிப்பறை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கழிப்பறையில் உப்புத் தண்ணீரின் கறை கல்லாகப் படிந்திருக்கும். மொபெட்டில் கேன்களைக் கட்டிக்கொண்டு தெருவில் கூவி வருகிறவரிடம் ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் ஒன்றாக வாங்கி, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினால் கறை சீக்கிரம் போகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்த கணமே குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்றது இதே வாயுதான். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரமாகத் தங்கும், குனிந்து தேய்க்கிறவரின் மூக்கும் அருகில் நிற்கும் குழந்தையின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. கண் எரிந்து தொண்டை அடைத்தால், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று நிற்காமல், உடனே வெளியே வந்து திறந்த முற்றத்தில் மூச்சு விட வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு அமோனியா கலந்த திரவம் சேர்ந்தாலும் நச்சுவாயு வரும்.

பிளீச்சிங் பவுடரையே நான் குறை சொல்லவில்லை. பூட்டிய வீட்டின் கிணற்றுக்கு அது வேண்டும். 1000 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, ஒரு மணி நேரமாவது விட்டுப் பயன்படுத்தலாம். ஆசிட்டைத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. அமிலம் பட்டால் அதன் மேல்பூச்சு அரித்துப் போய், நிறம் வெளுத்துவிடும். கழிப்பறைப் பீங்கானின் உப்புக்கறைக்கு, ஆத்தங்குடிக் கல்லில் படாதபடி, கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தூளை இரவே தூவி ஊறவிட்டு மறுநாள் தேய்த்தால், நேரம் கூடுதலாகும் என்பதைத் தவிர வேறு நட்டமில்லை. சிட்ரிக் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கக்கூடாது.

தெருவில் வாங்கும் ஆசிட்டும் பினாயிலும் பெரும்பாலும் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றித் தரப்படுகின்றன. பெயிண்டர் மீதம் வைத்துப் போகும் தின்னரும் டர்பன்டைனும் அப்படியே. கல்யாண வீட்டில் தண்ணீர் பாட்டில் எங்கும் கிடக்கும், தாகம் எடுத்த பிள்ளை கையில் கிடைத்ததைத் திறந்து குடிக்கும். சட்டப்படி பார்த்தால், கடைகளில் அமில விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013இல் கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது; தெருவில் அதைக் கேட்பவர் இல்லை. கட்டுப்பாட்டை நாமே விதித்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த இரசாயனமும் உணவுப் பொருளின் பாட்டிலில் வீட்டுக்குள் வரக்கூடாது.

குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. அமிலம் மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை எரிக்கும்; மண்ணெண்ணெயும் தின்னரும் மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உப்புக்கரைசல், முட்டை என்று கைவைத்தியம் எதையும் கொடுக்காமல், பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு 108 வண்டியை அழைக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் வழிகாட்டுகிறது. இந்த எண் முகப்பில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

எலி, கரையான், கொசு மூன்றும் பூட்டிய வீட்டின் குடித்தனக்காரர்கள். எலிக்குப் பசை மருந்தைத் தோசைத் துண்டிலும் தக்காளியிலும் தடவி வைப்பது நம் பக்கம் நெடுநாள் வழக்கம். அந்தப் பசைகளில் பயன்பட்ட மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிப்பது. அதற்கு முறிமருந்து கிடையாது. உட்கொண்டவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலத் தெரிந்து பின்னர் கல்லீரல் செயலிழப்பார் என்பதால் பல உயிர்கள் தாமதத்தால் போயின. தமிழக அரசு அதைத் தடை செய்திருக்கிறது. பழைய குழாய் ஏதேனும் உங்கள் பரணில் இன்னும் கிடக்கலாம், தேடி எடுத்து அப்புறப்படுத்துங்கள். ஆளை வைத்து மருந்து வைப்பதும் தானாகவே பாதுகாப்பாகிவிடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து ஒரே வீட்டின் இரண்டு சிறு பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு, ஆள்கள் தூங்கும் வீட்டுக்குள் எலி மருந்து என்ற பேச்சையே நான் ஏற்பதில்லை. எலிக்கூண்டு வைக்கலாம், ஓட்டு இடுக்குகளையும் சாக்கடைக் குழாய் வாய்களையும் கம்பிவலையால் அடைக்கலாம்.

கரையானுக்கு மண்ணில் துளையிட்டு ஊற்றும் குளோர்பைரிபாஸ், குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற காரணத்துக்காக அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திலிருந்து 2000ஆம் ஆண்டு தொடங்கி விலக்கப்பட்டது. 2025இல், எளிதில் மக்காத நச்சு இரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலிலும், சில விதிவிலக்குகளுடன், சேர்க்கப்பட்டது. நம் வீடுகளில் கிணறு பின்கட்டிலேயே இருக்கிறது, மருந்து இறங்கும் மண்ணும் தண்ணீர் ஊறும் மண்ணும் ஒன்றே. முதலில் மழைநீர் ஒழுக்கை நிறுத்தி மரத்தை உலர வைத்தால் கரையான் வருவதே குறையும். மருந்து தவிர்க்க முடியாதது என்றால் வேறு மருந்தைக் கேட்டு, வீட்டில் யாரும் இல்லாத மாதத்தில் அடித்து முடிக்க வேண்டும்.

கொசுவர்த்தியைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு வரும் என்று கண்டது. ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுவாயு 51 சிகரெட் அளவு வரை போகலாம். அதைக் கொளுத்திவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறோம். வளவு அறைகளுக்கு வெளிச்சுவரில் சன்னல் குறைவு, காற்று முற்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். கதவைச் சாத்தினால் புகை போக இடமேயில்லை. கொசுவலை கட்டினால் போதும். அதைவிட முன்னதாக, முற்றத்து அண்டாக்கள், மொட்டைமாடித் தொட்டி, ஓட்டுத் தாழ்வாரத்துத் தகர வாய்க்கால் ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் டெங்குக் கொசுவும் குறையும்.

இத்தனையும் படித்துவிட்டு, இயற்கைப் பொருளுக்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கற்பூரத்தைக் கற்கண்டு என்று எண்ணி விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். பிள்ளை மருந்தாக உரைத்து ஊட்டும் வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்ற நச்சுப்பொருள் காரணமாக, அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதை 1968இலேயே தடை செய்தது. வசம்பைத் துணிப் பெட்டியில் போடலாம், குழந்தையின் நாக்கில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இதில் என் வயதை ஒத்த ஆச்சிமார் பலர் என்னோடு உடன்படுவதில்லை.

கடையில் வாங்கும் பூச்சிமருந்துகளில் ஒரு வசதி உண்டு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வரும் எந்தப் பொருளின் உறையிலும் சாய்சதுரக் கட்டத்துக்குள் வண்ண முக்கோணம் இருக்கும். கொசுவர்த்தி உறையிலும் அதைக் காணலாம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சற்றது என்று பொருளில்லை. முக்கோணமோ பதிவெண்ணோ இல்லாத கொசு ஊதுபத்தியை வாங்கவே கூடாது. அழகுப்பொருள்களுக்கு உட்பொருள் பட்டியல் இருக்கிறது. தரை கழுவும் திரவத்தின் புட்டியில் பெரும்பாலும் வாசனையின் பெயரைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. எதை வீட்டுக்குள் ஊற்றுகிறோம் என்று அறியும் உரிமை வாங்குகிறவருக்கு வேண்டும். அதைச் சட்டமாக்கும்படி கேட்க நமக்கு வாயிருக்கிறது.

எங்கள் பங்காளி வீட்டில் இப்போது ஒரு வரிசையை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சுரண்டும் வேலையும் கரையான் மருந்தும் விசேஷத்துக்கு இரண்டு மாதம் முன்னால் முடிந்துவிட வேண்டும். பெயிண்ட் ஒரு மாதம் முன்னால். பெட்டகத்துத் துணிகள் அதே நேரத்தில் வெயிலுக்கு வர வேண்டும். கடைசி வாரத்தில் தண்ணீரும் சோப்பும் ஈரத்துணியும் மட்டுமே வீட்டுக்குள் வரும், கதவுகளும் முற்றமும் பகல் முழுவதும் திறந்திருக்கும். இதற்காக யாராவது ஒருவர் முன்கூட்டி ஊருக்கு வர வேண்டியிருக்கிறது. பங்காளிகள் முறை வைத்து வருகிறார்கள், செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

அந்த வரிசையில் கடைசியாகச் சேர்த்தது வேலை செய்கிறவர்களுக்கானது. நாம் சில நாள் தங்கிவிட்டுப் போய்விடுவோம். பெயிண்டர் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு வீடாகச் சுரண்டுகிறார். சட்டையிலும் தலைமுடியிலும் படிந்த காரீயத்தூசியோடு வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைத் தூக்குகிறார். கழிப்பறை கழுவும் அம்மாள் வெறுங்கையோடு ஆசிட்டில் நிற்கிறார். சுரண்டும் வேலைக்குத் துணி முகமூடி போதாது, துகளைத் தடுக்கும் என்95 முகமூடி வேண்டும். கழுவும் வேலைக்கு ரப்பர் கையுறையும் காலணியும் வேண்டும். பின்கட்டுக் கிணற்றடியில் அவர்கள் குளித்து உடை மாற்றிக்கொண்டு போக இடம் ஒதுக்கி, வேலைச் சட்டையை அங்கேயே தனியாக அலசச் சொல்லியிருக்கிறோம். கூலி பேசும்போதே இவற்றின் செலவையும் சேர்த்துப் பேசிவிடுகிறோம், குளிக்கும் நேரமும் கூலிக்கு உட்பட்ட நேரம்தான்.